சாயக்கொட்டகைப் பட்டியல்

எதையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்த பிறகுதான் முனிரத்தினம் அதற்குப் பேர் சொல்வான். ஆந்திரப் பக்கத்துப் புத்தூருக்கு வெளியே ஒரு சின்ன நெசவாளர் சங்கத்தின் சாயக்கொட்டகையில் அவன்தான் மேஸ்திரி. இளம்வயதில் மெட்ராஸ் சாயப்பட்டறை ஒன்றில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஆசிட்டையும் காஸ்டிக் சோடாவையும் மட்டும் விட்டுவைப்பான். மற்றபடி வெள்ளையாக எந்தத் தூள் வந்தாலும் ஒரு துளி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, "இது சோடா", "இது உப்பு" என்பான். இருபது வருஷத்தில் ஒரு தடவையும் தப்பியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவன் மனைவி செல்லியம்மா அதே கொட்டகையில் வளையமாகச் சுற்றிச் சாயம் ஏற்றிய நூல் கழிகளை அலசிக் காயப்போடுகிறவள்.

"பூனை மாதிரி நக்கிக்கினே இருய்யா. ஒரு நாளைக்கி இன்னா ஆவுதுன்னு பாரு" என்பாள்.

"பதினாலு வருசமா உன் கொழம்பத் துன்னுக்கினு கீறேன். அதுக்கே ஒண்ணும் ஆவல" என்பான் அவன். ஈர நூல் கழி ஒன்று அவன் முதுகில் விழும்.

அது 1960. ஏப்ரலில் எல்லை மாறி, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்கு வந்தன. செல்லியம்மாவின் தாய்வீடு வரதய்யபாளையம். அதுவும் அப்படி வந்த ஊர்தான்.

"நான் வாக்கப்பட்டு பதினாலு வருசத்துக்கு முன்னாடியே வந்துட்டேன். எங்க ஊருக்கு இப்பதான் வழி தெரிஞ்சிருக்குது" என்று அவள் சொன்னதைக் கேட்டுக் கொட்டகையே சிரித்தது.

மெட்ராசிலிருந்து நேராக வந்துகொண்டிருந்த சரக்கு லாரி, அதன்பிறகு புதிய செக்போஸ்டில் நின்று மூட்டைகளை இறக்கிக் காட்டிவிட்டு ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் அப்படி இறக்கும்போது ஒரு மரப்பீப்பாய் உடைந்துவிட்டது. லாரி ஆட்கள் அதில் இருந்ததை அள்ளி, காலியாகக் கிடந்த உப்புச் சாக்கு ஒன்றில் போட்டுக் கட்டி ஏற்றினார்கள். அதைக் கொட்டகையில் யாருக்கும் சொல்லவில்லை. முனிரத்தினத்துக்கு இதெல்லாம் ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

மூட்டை வந்த மறுநாள் மதியம் பெண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். செல்லியம்மா கூழ்ச் சட்டியைத் திறந்துவிட்டு, "ஐய, உப்புப் போட மறந்துட்டேன்" என்றாள். சாயம் ஏறுவதற்காகக் கொட்டகையில் எப்போதும் உப்பு மூட்டை இருக்கும். பெண்கள் அதில் ஒரு பிடி எடுத்துக்கொள்வது வழக்கம். முனிரத்தினம் எழுந்து போய்ப் புது மூட்டையைப் பிரித்தான். வழக்கமான கல்லுப்பு இல்லை, பொடியாக இருந்தது. லேசான மஞ்சள். விரலில் ஒட்டியது. நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது.

"அரைச்ச உப்பு அனுப்பிக்கிறானுங்க, நல்லா கீது" என்று சொல்லி, உள்ளங்கையில் அள்ளி வந்து தன் கையாலேயே அவள் கூழில் போட்டுக் கலக்கினான். அவனும் அதே சட்டியில் குடிக்க உட்காரும் நேரத்தில் சங்கத்துச் செயலாளர் கோவர்த்தனன் கூப்பிட்டார். "நீ குடி, வந்துடறேன்" என்று போனான்.

திரும்பி வரும்போது செல்லியம்மா தூணில் சாய்ந்திருந்தாள். தலை வலிக்கிறது என்றாள். பக்கத்தில் இருந்த கமலம்மா, "இன்னாடி, சாயத்தயே துன்னுட்டியா? ஒதடு நீலமா கீது" என்று சிரித்தாள். சாயக்கொட்டகைப் பெண்களின் நகம் எப்போதும் நீலம்தான், அதனால் நகத்தை யாரும் பார்க்கவில்லை. முனிரத்தினம் தன் துண்டை நனைத்து அவள் உதட்டைத் துடைத்தான். நீலம் துண்டில் ஒட்டவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தான். நாக்கும் நீலமாக இருந்தது.

"மூச்சு எட்டல்லய்யா" என்றாள் செல்லியம்மா.

சங்கத்து லாரி நூல் ஏற்றுவதற்காக வாசலில் நின்றிருந்தது. டிரைவர் பாலையா ஓடி வந்து கதவைத் திறந்தான். அவளைத் தூக்கி முன் சீட்டில் வைத்தார்கள். ஏறப்போன முனிரத்தினம் திரும்ப ஓடி, சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளித் துண்டு முனையில் முடிந்துகொண்டான். அவள் சாப்பிட்டதில் வேறு எதுவும் புதிதில்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

திருப்பதி போகிற வழியெல்லாம் அவள் தலை அவன் மடியில் இருந்தது. வடமாலபேட்டை தாண்டும்போது, "செல்லி, செல்லி" என்று கன்னத்தைத் தட்டினான்.

"கத்தாதய்யா. காது நல்லாத்தான் கேக்குது" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளவயதுக்காரர், கடப்பைப் பக்கத்துத் தெலுங்கர். ஆக்சிஜன் வைத்துப் பார்த்தார், உதடு மாறவில்லை. ஊசியில் ரத்தம் எடுத்தார். அது சிவப்பாக இல்லை, டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அவர் முகம் மாறியது.

"ஏம் தினிந்தி? என்ன சாப்பிட்டாங்க?"

முனிரத்தினம் முடிச்சை அவிழ்த்துக் காட்டினான். "உப்புன்னு நெனச்சி நான்தான் குடுத்தேன் சார்."

"உப்பு ரத்தத்தை இப்படி ஆக்காது. இது என்ன மருந்துன்னு தெரியணும். எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது. அதுக்கு ஊசி இருக்கு. ஆனா சந்தேகம் தப்பா இருந்தா அந்த ஊசியே ஆளைக் கெடுத்துடும். நீங்க சாயக்காரர்தானே? யோசிச்சுச் சொல்லுங்க."

முனிரத்தினம் தூளைப் பார்த்தான். பழக்கத்தில் விரல் நுனி அதைத் தொட்டு வாய்வரை போனது. அங்கேயே நின்றது. இவ்வளவு நாளும் நாக்கு சொல்லித்தான் கேட்டிருந்தான். இப்போது அதனிடம் கேட்க ஒன்றுமில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாக மனசில் பிரித்தான். மஞ்சள் வெள்ளை. ஈரத்தை இழுத்து விரலில் ஒட்டுவது. இது பீப்பாயில் அல்லவா வரும்? சிவப்புச் சாயம் கட்டும் நாளில், ஐஸ் தண்ணீரில் போட்டு, மேலே ஆசிட் விடுவோமே...

"சார், கொஞ்சம் ஆசிட் கெடைக்குமா? தண்ணி கலந்ததே போதும்."

பரிசோதனை அறையிலிருந்து வந்தது. சன்னலோரம் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தூளைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சில சொட்டு விட்டான். பொங்கியது. செங்கல் நிறப் புகை எழுந்து சன்னல் வழியாகப் போனது.

"நைட்ரைட்டு சார்! உப்புல ஆசிட் வுட்டா இந்தப் பொகை வராது. இது நைட்ரைட்டுதான். ஐயோ, நான் குடுத்தேனே."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்ற டாக்டர் ஓடினார். அவர் கொண்டுவந்த ஊசியில் இருந்த மருந்தைப் பார்த்ததும் முனிரத்தினத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடர்ந்த நீலம். கொட்டகையில் கலக்குகிற சாயம் போலவே இருந்தது.

"சார், நீலமாப் போனவளுக்கு இன்னும் நீலமா?"

"பேரே நீலந்தான். மெத்திலீன் புளூ. சும்மா இருங்க."

மெதுவாக, மிக மெதுவாக அதை ஏற்றினார். முனிரத்தினம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். சாயத்தொட்டியில் நூல் நிறம் பிடிப்பதை ஆயிரம் தடவை அப்படி நின்று பார்த்திருக்கிறான். இங்கே நிறம் இறங்க வேண்டும். கால் மணி நேரம் போனது. கீழ் உதட்டின் நடுவில் ஒரு சிவப்பு வந்தது. பிறகு ஓரங்களுக்குப் பரவியது. அவள் கண்ணைத் திறந்து, "ஏன்யா அழுவுற? கூழு குடிச்சியா நீ?" என்றாள்.

மறுநாள் காலை அவள் நர்ஸைக் கூப்பிட்டு மிகுந்த கவலையோடு ரகசியம் சொன்னாள். மூத்திரம் பச்சையாகப் போகிறதாம். நர்ஸ் சிரித்து, மருந்து வெளியே போகிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றாள். "பதினாலு வருசமா சாயம் போட்டதுல உள்ள வரைக்கும் ஏறிக்கிச்சுன்னு நெனச்சேன்" என்றாள் செல்லியம்மா.

டாக்டர் சிரிக்கவில்லை. வார்டுக்கு வந்து முனிரத்தினத்தைக் கேட்டார். "உங்க கொட்டகையில இன்னும் இந்த மாதிரி என்னென்ன இருக்குது?"

முனிரத்தினம் விரல் விட்டு எண்ணினான். ஒன்பது வந்தது.

"ஒவ்வொண்ணும் என்ன பண்ணும்னு எழுதி ஒட்டியிருக்கா?"

"எனக்குத் தெரியும் சார்" என்றவன், தான் சொன்னதைத் தானே கேட்டுத் தலை குனிந்தான்.

டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். "ரெண்டு கேள்வி கேளுங்க. அந்தச் சரக்கு சும்மா இருக்கும்போதே தீப்பிடிக்குமா, வெடிக்குமா, தண்ணி பட்டா, வேற சரக்கு பட்டா என்ன ஆகும்? அது ஒண்ணு. உடம்புல பட்டா, மூக்குல போனா, வாயில போனா என்ன பண்ணும்? அது ரெண்டு. இன்னைக்கே ஆரம்பிங்க."

முனிரத்தினம் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பேர்களை வரிசையாக எழுதினான். முதல் கேள்விக்குப் பேனா ஓடியது. நீலச் சாயத்தைக் கரைக்கப் போடும் ஹைட்ரோஸ் தூளின் பீப்பாயில் தண்ணீர் சொட்டினால் தானே சூடாகிப் புகைந்து எரியும். அப்போது மேலே வாளித் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். நைட்ரைட் தானாக எரியாது. ஆனால் அதில் நனைந்து காய்ந்த சாக்கில் பீடி நெருப்பு பட்டால் குப்பென்று பிடிக்கும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒன்று சேரக்கூடாது. எல்லாம் அவன் கண்ணால் பார்த்தது.

இரண்டாவது கேள்வியில் நின்றுவிட்டான்.

"காஸ்டிக்கு கையில பட்டா... எரியும். அவ்ளோதான?" என்றான்.

செல்லியம்மா தலையணையில் திரும்பினாள். "எரியறது அப்புறமாய்யா. மொதல்ல வழுக்கும். சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கும், ஒண்ணுமே இல்லன்னு வுட்டுடுவோம். சாயங்காலம் பாத்தா தோலு வெந்து போயிருக்கும். எங்ககூட அலசுற சென்னம்மாவுக்கு ரெண்டு வெரலு போச்சே, அப்பிடித்தான். வழுக்குனா ஒடனே தண்ணி நெறைய வுட்டுக் கழுவுன்னு எழுது."

அவன் அவளைப் பார்த்தான். எழுதினான்.

"பிளீச்சிங்கு?"

"கண்ணுல தண்ணி வரும். நெஞ்ச அடைக்கும். மழ நாள்ல அதிகம். சொம்மா நெடின்னு நீ சொல்லுவ."

"ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"சொல்லிக்கினுதான் இருந்தோம். நீதான் நாக்குல வச்சிப் பாத்துக்கினு இருந்தியே."

அவன் பேனாவைக் கீழே வைத்தான். அவள் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். வெடிப்புகள், பழைய தழும்புகள், ஒரு விரலில் நகமே சரியாக வளராமல் இருந்தது. தினம் சோறு போடுகிற கை. இந்தக் கணக்கில் அவன் அதைப் பார்த்ததே இல்லை.

"வுடுய்யா, நர்ஸம்மா பாக்குது" என்றாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும் ஒரு வாரம் சாயம் போடும் வேலை நின்றது. மூட்டை, பீப்பாய் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். உப்பு தனி அறைக்குப் போனது. ஹைட்ரோஸ் மேடை மேல் ஏறியது, பக்கத்தில் ஒரு தொட்டி உலர்ந்த மணல். செயலாளர் கோவர்த்தனனுக்கு ஒரே கவலை. "பலகையில தெலுங்குல எழுதறதா, தமிழ்லயா? இப்ப இது நுட்பமான விசயம்ப்பா, ரெண்டு பக்கமும் ஆளுங்க கோச்சிக்குவாங்க."

"ரெண்டுலயும் எழுதுங்க. எங்க பொம்பளைங்களுக்கு ரெண்டும் படிக்கத் தெரியாது" என்றாள் செல்லியம்மா. அவளே சுண்ணாம்பில் படம் போட்டாள். நெருப்புக்கு ஒரு சுடர், தோலுக்கு ஒரு கை, நெடிக்கு ஒரு மூக்கு, சாப்பிடக்கூடாததற்கு ஒரு வாய். வாய் மட்டும் மீன் மாதிரி வந்தது. கமலம்மா, "இன்னாடி, இத மீனுக்குப் போடக்கூடாதா?" என்று கேட்டதால் அழித்துவிட்டு மூன்று தடவை வரைந்தாள்.

பட்டியல் எப்படியோ சித்தூர் வரை தெரிந்து, அங்கிருந்து ஒரு கைத்தறி அதிகாரி அதைக் கொண்டுவரச் சொன்னார். தை மாதத்தில் இருவரும் போனார்கள். அதிகாரி பெரியவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். மற்ற சாயக்கொட்டகைகளுக்கும் அனுப்புவதற்காகப் பட்டியலைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். தெலுங்கில் வாசித்து, நடுநடுவே தமிழில் சொன்னார். ஒவ்வொரு சரக்கும் ஒரே ஒரு தலைப்பில் வரும்படி அழகாகப் பிரித்திருந்தார். தீப்பிடிப்பவை, தோலை அரிப்பவை, விஷமானவை.

"ஹைட்ரோஸ், தீப்பிடிப்பவை" என்று வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"ஐயா, அதுக்கு ரெண்டு எடம் வேணும்" என்றாள் செல்லியம்மா.

முனிரத்தினம் அவள் புடவை முனையை இழுத்தான். அவள் கண்டுகொள்ளவில்லை.

"தீ சரிதான். ஆனா பொகைய ஆரம்பிச்சா அந்தப் பொகை மூச்ச அடைக்கும். கந்தக நெடி. தீன்னு மட்டும் போட்டா, மணல எடுத்துக்கினு ஆளுங்க கிட்டப் போயி நிப்பாங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுத்தான் போவணும்னு அவுங்களுக்கு யாரு சொல்றது?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பட்டியலை எழுதினது யாரு?"

"எழுதுனது நான். சொன்னது பாதி அவ" என்றான் முனிரத்தினம். கொஞ்சம் நிறுத்தி, "பாதிக்கு மேல" என்றான்.

அதிகாரி பேனாவைத் திறந்து, தட்டச்சு வரிக்கு ஓரத்தில் கையாலேயே எழுதினார். பிறகு முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, "இதுக்கு எத்தனை இடம் அம்மா?" என்று அவளைக் கேட்டார். முடிய ஒரு மணி நேரம் ஆனது. புத்தூர் பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ் கங்காதர நெல்லூர் தாண்டும்போது முனிரத்தினம் கேட்டான். "அவ்ளோ பெரிய ஆபீசரு முன்னால அப்பிடி பேசறியே, உனக்கு பயமா இல்ல?"

"எதுக்கு பயம்?" என்றாள் செல்லியம்மா. "அந்தப் பொகையில இருமுனது நானா, அவரா?"