வெங்கிடாசலம் வைத்த கட்டை

1

இந்தக் கதையை எழுதக் காரணம் என் வலது பாதம். அது இன்னும் என்னிடமே இருக்கிறது.

கொச்சி மட்டாஞ்சேரியில் பழம்பொருள் கடை ஒன்றில், விற்ற சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றுவது என் வேலை. ரோஜாக்கா, இசக்கிராஜா, அழகர், நான் என்று நாலு பேர். முதலாளி வெங்கிடாசலம்.

(முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'ஈவிரக்கமில்லாத முதலாளி வெங்கிடாசலம் அன்று…' பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஏனென்று உங்களுக்கே தெரியும், சற்றுப் பொறுங்கள்.)

2

அன்று ஏற்ற வேண்டியது ஒரு கருங்கல் தொட்டி. கைப்பிடியை அடித்தால் உயரும் டிராலி, போர்ட் கொச்சிக் கிடங்குக்குப் போயிருந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"நாலு பேர் இருக்கேளே, கையாலயே தூக்கிடுங்கோ" என்றார் வெங்கிடாசலம்.

"டிராலி வராம ஆரும் தொட மாட்டோம் ஸாரே" என்றார் ரோஜாக்கா. சாயா குடித்தபடி காத்திருந்தோம்.

டிராலி வந்து தொட்டியை வாசல்வரை கொண்டுபோனது. வாசற்படியை மட்டும் அதனால் தாண்ட முடியாது. அங்கே நாங்கள்தான் தூக்க வேண்டும். மூலைக்கு ஒருவராக நின்றோம். ரோஜாக்கா ஒருவர்தான் குரல் கொடுப்பார். அதுதான் எங்கள் வழக்கம்.

"முழங்கால மடக்கு. முதுகு நேரா இருக்கட்டும். ஒண்ணு, ரெண்டு, பொக்கு!" மலையாளத்தில் 'தூக்கு' என்று அர்த்தம்.

மழை ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். தொட்டி என் பக்கம் சாய்ந்தது. பாதம் அதற்கு அடியில்.

"ஆரும் கைய விடண்டா! கட்டை வை, கட்டை!"

கட்டை வைக்க மூவருக்கும் கை ஒழியவில்லை.

3

(இந்த இடத்தில் இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பாதம் நசுங்குகிறது. மற்றொன்றில் நானே வீரமாக… வேண்டாம். நடந்ததையே சொல்கிறேன்.)

வெங்கிடாசலம் வெள்ளை வேட்டியோடு சேற்றில் மண்டியிட்டு, மரக்கட்டையைத் தொட்டிக்கு அடியில் திணித்தார்.

"காலை எடுடா, எடு!" என்று கத்தினார். எடுத்தேன். ஒரு நகத்தோடு போயிற்று.

4

அடுத்த வாரமே முதலாளி படிமேல் பலகைச் சரிவு போட்டுக் கொடுத்தார். இப்போது டிராலி லாரிவரை தானே போகிறது.

ரோஜாக்காவுக்கு மலையாள எழுத்துதான் தெரியும். அதனால் இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"எங்க மூணு பேரு கையும் மரத்துப்போச்சு. அது எங்கே?"

சேர்க்கிறேன்: கை மரத்தும் மூவரும் விடவில்லை.

"அக்கா, உங்களுக்கெல்லாம் நான் எப்படி…"

"அதெல்லாம் வேண்டா. சாயா வாங்கித் தா."

என்னுடைய அந்தப் பாதி வாக்கியம் அப்படியே நிற்கிறது. முடிவும் எனக்கு வரவில்லை, நீங்களே எழுதுங்கள். ஒரே வேண்டுகோள்: சாயங்காலம் எல்லோரையும் முழுசாக வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முதலாளியையும்.