லிஃப்ட்காரருடன் ஒரு கடற்கரைச் சுற்று

ஆயுள் முழுக்க அடுத்தவர்களைப் படி ஏறாமல் காப்பாற்றியவர் என் அத்தான். அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற பிறகும், எங்காவது பழைய கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணினால் கம்பெனிக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று எங்களைக் கடற்கரையோரமாகக் காரில் கூட்டிக்கொண்டு போய், கண்ணில் பட்ட உயரத்திலெல்லாம் ஏற்றி இறக்கினார். தையல் மிஷினை மிதித்து மிதித்துத் தேய்ந்த என் முழங்கால்கள் அவரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

ஊர் சுற்றும் மனநிலையில் நானும் இல்லை, அக்காவும் இல்லை. அக்காவின் மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. என்னிடம் மட்டும் சொன்னாள். அத்தானுக்குத் தெரிந்தவர்கள் யாரும் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, நகரத்தின் இன்னொரு கோடியில் இருந்த ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப்போனேன். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் டாக்டரே போனில் சொல்லிவிடுவார் என்றார்கள். அக்கா என் நம்பரைக் கொடுத்தாள்.

அத்தானுக்கு முந்தின வருஷம்தான் இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தது. அதிர்ச்சி எதுவும் கூடாது என்பது உத்தரவு. "முடிவு தெரியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் அவர்கிட்ட மூச்சு விடாதே" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரியே அத்தான் குண்டைத் தூக்கிப் போட்டார். வெள்ளிக்கிழமை எல்லோரும் கடற்கரைப் பக்கம் போகிறோம், பழைய துறைமுகம், கோட்டை, கலங்கரை விளக்கம் எல்லாம் பார்க்கிறோம். அக்கா இருபது வருஷமாகக் கேட்டபோதெல்லாம் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தட்டிக் கழித்தவர் அவர். இப்போதுதானா இந்த மனிதருக்கு ஞானோதயம் வரவேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாமென்று சொல்லச் சொன்னேன். சொன்னால் ஏன் எதற்கு என்று துருவுவார் என்று அக்கா பயந்தாள். அவர்பாட்டுக்குத் தினமும் குறட்டை விட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார், அதைக் கெடுப்பானேன் என்றாள். என் வீட்டுக்காரர் ஆபீஸைச் சாக்கிட்டுத் தப்பித்துக்கொண்டார்.

கடற்கரைச் சாலை மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கி ஓடுகிற சாலை. அதில் திரும்பிய உடனேயே என் போனில் சிக்னல் செத்துப்போயிற்று. கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல் போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் பழைய துறைமுக ஊர். ஒரு காலத்தில் நாலா திசைக் கப்பலும் வந்து நின்ற இடமாம். வியாபாரிகள் சரக்கு அடுக்கி வைத்த கிட்டங்கிகள் தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரியும் சுவர்கள், யானை நுழையும் அளவுக்குக் கதவுகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு வேலைப்பாடு. ஒரு கிட்டங்கிக்குள் இப்போது கயிற்றுக் கடை நடக்கிறது. அந்தத் தெருவில் ஆற அமர நடந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அத்தான் காரை நிறுத்தவே இல்லை. நேராகச் சுங்கச் சாவடியின் காவல் கோபுரத்துக்கு ஓட்டினார். உள்ளே இருட்டு, செங்குத்தான மரப்படி, வௌவால் நாற்றம். உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் என் போனுக்கு உயிர் வந்தது. பதறியடித்துப் பார்த்தேன். பள்ளிச் சீருடை தைத்தாகிவிட்டதா என்று ஒரு அம்மாள் கேட்டிருந்தாள், அவ்வளவுதான்.

அடுத்து ஒரு மீனவர் கிராமம். வீட்டுச் சுவர்களிலெல்லாம் சிப்பி பதித்து, வெயில் பட்டால் தெருவே மினுங்கியது. அக்கா இறங்கிப் போய் ஒரு சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். அன்று அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது அங்கேதான். அதற்குள் அத்தான் ஹாரன் அடித்துவிட்டார்.

கோட்டை குன்றின்மேல் இருந்தது. இருக்காதா பின்னே! டிக்கெட் கொடுத்த பெண் அத்தானைப் பார்த்துச் சிரித்து, மறுபடியும் வந்துவிட்டீர்களா சார் என்றாள். வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறாள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு அத்தான் விறுவிறுவென்று நடந்தார். மதில்மேல் துருப்பிடித்த பீரங்கிகள் கடலைப் பார்த்து வாய் பிளந்து கிடந்தன. எந்த ராஜா கட்டினார், யார் பிடுங்கினார், யார் திரும்பப் பிடித்தார் என்று எழுதியிருந்த பலகையை அத்தான் சத்தமாகப் படித்தார். முடித்ததும் முதலிலிருந்து மறுபடி படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்லா நின்னு போட்டோ எடு, ஊசி. அவசரமே இல்ல."

ஊசி என்பது அவர் எனக்கு வைத்த பெயர். தையல் தொழிலுக்காக என்று சொல்லிக்கொள்வார். என் வாய்க்காகத்தான் வைத்தார் என்பது குடும்பத்துக்கே தெரியும். போட்டோ எடுப்பதுபோல் போனை நாலு பக்கமும் தூக்கிப் பிடித்தேன். சிக்னல் பளிச்சென்று இருந்தது. டாக்டர்தான் கூப்பிடவில்லை.

கீழே இறங்கியதும் பார்த்தால், தெருவோடு தெருவாக, ஒரு படிகூட இல்லாமல், துறைமுக அருங்காட்சியகம். உள்ளே மின்விசிறி ஓடுவதும் பெஞ்சு போட்டிருப்பதும் வெளியிலிருந்தே தெரிந்தன. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அத்தான் உதட்டைப் பிதுக்கினார். நாலு ஓட்டைப் பானையைத் தவிர அதில் என்ன இருக்கப்போகிறது, கலங்கரை விளக்கத்துக்கு நேரமாகிறது என்றார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன அத்தான், கூட இருக்கிறவங்க என்ன பாடு படுறாங்கன்னு தெரிஞ்சாத்தானே?"

அக்கா என் கையைக் கிள்ளினாள். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற மனிதர் அன்று நேராகக் காருக்கு நடந்தார். அக்காவுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டு, அவள் உட்காரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அக்கா தன்னால் முடியாதென்று வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் என்னை மட்டும் வரச்சொன்னார். போனுக்காகப் போனேன். சுருண்டு சுருண்டு மேலே போகும் இரும்புப் படி. பாதியில் அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு கவலை போதாதா? வெறும் மூச்சு வாங்கல்தான் என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி ஏறினார்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. துறைமுகம், கோட்டை, சிப்பிச் சுவர்க் கிராமம், காலையிலிருந்து ஏறி இறங்கியதெல்லாம் கடலோரமாகக் கோர்த்துக் கிடந்தன. அப்போது போன் அடித்தது.

எடுத்த அவசரத்தில் போனைக் கடலில் போட்டிருப்பேன். டாக்டர் நிதானமாகப் பேசினார். கட்டி சாதாரணக் கட்டிதான், கெட்டது எதுவும் இல்லை, அறுவை சிகிச்சைகூட வேண்டாம், ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து காட்டினால் போதும். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சலிக்காமல் சொன்னார். நன்றி சொன்னேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. போனை நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அத்தான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

பொய் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"ஒண்ணுமில்லையாம் அத்தான். சாதாரணக் கட்டிதானாம்."

கம்பியைப் பிடித்தபடியே அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்த ஸ்கேன் சென்டர்ல, லிஃப்ட் ரிப்பேர்னு போர்டு மாட்டியிருந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

நன்றாக ஞாபகம் இருந்தது. திரும்பும்போது மூடிய லிஃப்ட் கதவின் முன்னால் நின்றுதான் அக்கா, கட்டி, வெள்ளிக்கிழமை, டாக்டருக்குக் கொடுத்த என் நம்பர் என்று எல்லாவற்றையும் மறுபடி சொல்லிப் புலம்பினாள். அங்கே நின்றுதான் அத்தானிடம் சொல்லக் கூடாதென்று சத்தியமும் வாங்கினாள். எந்த உருப்படாதவன் உள்ளே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறானோ என்று மெக்கானிக்கை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"கதவுக்கு அந்தப் பக்கம் நான்தான் இருந்தேன். கையில ஸ்பேனரோட. நீ திட்டினதும் கேட்டுச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஊரெல்லாம் தேடி, அவர் கண்ணில் படாத இடமென்று நாங்கள் கண்டுபிடித்தது அவர் மடியை!

மற்றதையும் அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்தால் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே செத்துவிடுவாள், கடலையாவது பார்க்கட்டும் என்று நினைத்தாராம். ஆனால் இந்தப் பக்கத்தில் தரைமட்டத்தில் சிக்னல் கிடைக்காது. அதனால் இரண்டு நாள் முன்னால் வேலை என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாக வந்து, ஒவ்வொரு கோபுரமாக ஏறி, என் போன் கம்பெனிக்கு எங்கே சிக்னல் வருகிறதென்று பார்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஸ்டென்ட் வைத்த மனிதர்! அருங்காட்சியக வாசலில் நான் கேட்ட கேள்வி ஞாபகம் வந்து எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"அவகிட்ட சொல்லிடாதே. என்னைப் பயப்படாம காப்பாத்திட்டதா நினைச்சுக்கிட்டு இருக்கா. அது அப்படியே இருக்கட்டும். நீ முன்னால போய்ச் சொல்லு, நான் மெதுவா எறங்குறேன்."

என் முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. அவ்வளவு படியும் தடதடவென்று இறங்கினேன். என் முகத்தைப் பார்த்ததுமே அக்கா எழுந்துவிட்டாள். சொன்னேன். என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். உள்ளங்கை நனைந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவரிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளாதே, தெரியாததாகவே இருக்கட்டும் என்றாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் இறங்கி வந்தார். முகம் கழுவியிருந்தார். இன்னும் ஒரு மணிக்கூண்டு பாக்கி இருந்தது, ஆனால் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அந்த ஓட்டைப் பானைகளைத்தான் பார்த்துவிட்டுப் போவோமே என்றார்.

அருங்காட்சியகத்தில் பானைகள் நிஜமாகவே ஓட்டைதான். கப்பல் நங்கூரம் ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது. எல்லாமே எனக்கு அழகாகத் தெரிந்தன. அக்கா ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள், பசிக்கிறது என்றுகூடச் சொன்னாள். திரும்பிப் பார்த்தால் அத்தான் மின்விசிறிக்கு நேர்கீழே பெஞ்சில் சாய்ந்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை கூரை வரைக்கும் எழும்பியது. காவலாளி அவரை எழுப்ப நடந்தார். அக்கா ஓட்டமாகப் போய்த் தடுத்தாள்.

"எழுப்பாதீங்க ஐயா. இந்த வாரம் பூரா தூங்கவே இல்ல."

நான் திகைத்து அவளைப் பார்த்தேன். தினமும் குறட்டை விட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார் என்று அவள்தானே சொன்னாள்?

அக்கா தன் துப்பட்டாவை மடித்து அவர் தலைக்கு அண்டை கொடுத்தாள். அவர் அசையவில்லை.

"அது நடிப்புடி. முப்பது வருஷமா பக்கத்துல படுக்கிறேன், எனக்குத் தெரியாதா? இதுதான் நிஜக் குறட்டை."