மெக்கானிக் ஐயாவின் நாற்காலி

ஆய்வாளர் உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு பக்கமாகச் சரிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டதால் அவர் விழவில்லை. கையிலிருந்த கோப்புதான் விழுந்தது. மறதி நோய் கண்ட முதியவர்களின் இல்லம் அது. உரிமத்தைப் புதுப்பிக்கலாமா கூடாதா என்று எழுத வந்தவர் அந்த அம்மாள். அவருக்குப் போய் இந்த நாற்காலியா வாய்க்க வேண்டும் என்று தலைமைச் செவிலி நினைத்தாள்.

வாசலில் நின்ற உதவியாளருக்கு முகமே வெளிறிவிட்டது. அவள் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்பதால் எல்லோருக்கும் அவள் ஸ்பீக்கரக்கா. இன்றைக்கு அந்த ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. இல்லத்து முதியவர்களில் ஒருவரான, ஒரு காலத்தில் வண்டிகளைப் பழுதுபார்த்த மெக்கானிக் ஐயா காலையில் கழற்றிப் போட்டதையெல்லாம் மதியத்துக்குள் திரும்ப முடுக்கிவைப்பது அவள் வேலை. ஆய்வுக்காக ஜன்னல் கண்ணாடிகளைத் தேய் தேய் என்று தேய்த்ததில் அது அடியோடு மறந்துபோயிருந்தது.

பழைய சாமான் என்று சொல்லிவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. செவிலிக்கும் அது தெரியும். ஆனால் பொய் சொல்லி மறைக்க வேண்டிய காரியத்தையா இத்தனை நாள் செய்தோம் என்று நினைத்ததும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“எங்க மெக்கானிக் ஐயா கழட்டினது மேடம். ஸ்க்ரூடிரைவர நாங்கதான் அவர்கிட்ட குடுத்திருக்கோம்.”

“நினைவு சரியில்லாதவர் கையிலயா? யாரையாவது குத்திட்டா?”

“மொனைய மழுங்க அடிச்சுதான் குடுத்தோம். பக்கத்துல எப்பவும் ஒரு ஆள் இருப்பாங்க. வந்த புதுசுல வீட்டுக்குப் போகணும்னு கதவப் போட்டு இடிப்பாரு, அழுவாரு. மாத்திரை குடுத்தோம். சாப்பிடக்கூட கண்ணத் தொறக்கல. ஸ்க்ரூடிரைவர் குடுத்த பிறகு அந்த மாத்திரையே இல்ல. நீங்க கூடாதுன்னு எழுதினா அத திரும்ப வாங்கிடறேன். அப்புறம் மறுபடி மாத்திரைதான். அதையும் சேத்து எழுதிடுங்க மேடம்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. உரிமம் போனால் இங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள்? இருந்தாலும் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்க அவளுக்கு மனமில்லை.

ஆய்வாளர் குனிந்து கோப்பை எடுத்துப் பேனாவைத் திறந்தார். அதற்குள் சத்தம் கேட்டு மெக்கானிக் ஐயாவே வந்துவிட்டார், பின்னாலேயே ஒரு பணியாளரோடு. யாரையும் கேட்காமல் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து நாற்காலியைக் கவிழ்த்தார். சட்டைப் பையைத் துழாவினார். திருகுகள் அங்கேதான் இருந்தன. கழற்றுவாரே தவிர, அவர் எதையும் மாட்டி இங்கே ஒருவரும் பார்த்ததில்லை.

“வண்டி யாருது?”

ஸ்பீக்கரக்கா வாயைத் திறப்பதற்குள் ஆய்வாளர் சொன்னார். “என்னோடதுதான்.”

“இப்படியா வச்சிருப்பீங்க? நாளைக்கு வாங்க.”

“இல்லீங்க ஐயா, இன்னைக்கே வேணும். ரொம்ப தூரம் போகணும்.”

அவர் சலித்துக்கொண்டார். அவசரப்படாத வாடிக்கையாளரை அவர் எந்தக் காலத்தில் பார்த்தார்! ஒவ்வொரு திருகாக எடுத்து, ஊதி, முடுக்கினார். நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஏறிப் பாருங்க.”

நாற்காலியை ஆட்டிப் பார்க்க ஸ்பீக்கரக்கா பாய்ந்தாள். செவிலி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஆய்வாளர் பேனாவை மூடினார். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, மெக்கானிக் ஐயாவின் முகத்தையே பார்த்தபடி, நாற்காலியில் உட்கார மெதுவாக முழங்காலை மடக்கினார்.