கேட்டேனே!

வேன் சிக்னலில் நின்றபோதுதான் என் மனைவி விஷயத்தைச் சொன்னாள். பெரியக்கா இந்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுகொள்கிறாராம்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து அனுப்பும் சலவைக்கூடத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். நான் வேன் ஓட்டுகிறேன். தேய்க்கும் பகுதியில் இருந்த அவளைப் போன மாதம் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அதுவரை அவளும், அங்கே எல்லாருக்கும் மூத்தவரான பெரியக்காவும் ஒரே மேஜையில் நின்றவர்கள்.

"பொறாமைதான், வேறென்ன?" என்றாள்.

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேனே! உடம்பு முடியலையாக்கா, வீட்ல பிரச்சனையா, இல்ல நான் மேல வந்தது பிடிக்கலையான்னு கேட்டேன். வாயே திறக்கல."

"எங்க திறக்கறது? கேள்வியும் நீயே, பதிலும் நீயே."

முறைத்தாள். கல்யாணமான நாளாக, நான் பேச்சைத் தொடங்கினால் முடித்துவைப்பது அவள்தான். எனக்கும் பழகிவிட்டது, சொல்லப்போனால் சௌகரியம்கூட. ஆனால் நான் தொடங்கியதில் பாதி, நான் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததே இல்லை. அதை அன்றுதான் முதன்முறையாக அவளிடம் சொன்னேன். பதில் சொல்ல வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள். பச்சை விழுந்தது. வேலைக்குப் போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சரி, இன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் மூட்டை ஏற்ற உள்ளே போனேன். சாப்பாட்டு நேரம், மெஷின்கள் நின்றிருந்தன. மேஜைக்கு அந்தப் பக்கம் பெரியக்கா, இந்தப் பக்கம் இவள்.

"சொல்லுங்கக்கா" என்றாள். அவ்வளவுதான்.

பெரியக்கா ஒரு விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். இவள் உதடு இரண்டு முறை பிரிந்து மூடியது. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"நீ சூப்பர்வைசர் ஆனதே போர்டுல பாத்துதான் எனக்குத் தெரியும்" என்றார் பெரியக்கா. "அந்த வேலைக்கு நானும் ஆசைப்பட்டேன், இல்லேங்கல. உனக்குக் கிடைச்சதுல வருத்தமில்ல. தெனம் பக்கத்துல நின்னவ, ஒரு வார்த்தை சொல்லலையே. என்னை என்னன்னு நெனச்ச?"

எப்படி அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது என்று இவள் வீட்டில் தவித்தது எனக்குத் தெரியும். அதைச் சொல்லித் தப்பித்துவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"சொல்லியிருக்கணும்க்கா. பயந்துட்டேன்." மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்து, "இன்னும் இருந்தா சொல்லுங்க" என்றாள்.

இருந்தது. நிறையவே இருந்தது. ஷிப்ட் மாற்றியது, ஆளைக் குறைத்தது, எல்லார் முன்னாலும் இவள் கத்தியது. கேட்கக் கேட்க இவள் முகம் சிவந்தது. ஆனால் ஒன்றைக்கூடக் குறுக்கே புகுந்து முடித்துவைக்கவில்லை. மூட்டையைத் தோளில் வைத்தபடி மறந்துபோய் நின்றேன். அவள் பேச்சுச் சாமர்த்தியத்தைப் பார்த்து எத்தனையோ தடவை பெருமைப்பட்டிருக்கிறேன். அவள் வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்து என் நெஞ்சு நிமிர்ந்தது அன்றுதான். என் பொண்டாட்டி என்று அங்கேயே கத்திச் சொல்லத் தோன்றியது.

பெரியக்கா ஓய்ந்தார். இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. பெரியக்கா குவியலிலிருந்து ஒரு பெரிய விரிப்பை உருவி உதறினார். அதன் மறுமுனை மேஜையைத் தாண்டி இவள் பக்கம் வந்து விழுந்தது. எடுத்துக்கொண்டாள். இருவரும் மேஜையை விட்டு விலகி வந்து, துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்தார்கள். பிறகு நடுவிலிருந்த வெள்ளை பாதியாக, பாதியில் பாதியாகக் குறுக, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள்.