தெற்குச் சுவரில் ஒரு திறப்பு

செவ்வாய்க்கிழமை மதியம் யோசிப் பட்டறையில் மயங்கி விழுந்தார். ஓப்பல் கல்லைப் பட்டை தீட்டும் சக்கரம் அவர் தலைமாட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நல்லவேளை, தண்ணீர் கொண்டுபோன மனைவி டிராகா பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரி நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள்: கோடை முடியும்வரை அந்தத் தகரக் கொட்டகைப் பக்கமே அவர் போகக்கூடாது.

ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஊரான ஆண்டமூக்காவில் கோடை முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நாற்பது வருடமாகக் கல்லோடு வாழ்ந்த மனுஷன் வீட்டுக்குள் உட்கார்ந்து சுவரை வெறித்தார். சாப்பாடும் இறங்கவில்லை. டிராகாவுக்கு அதுவும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அவள் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே ஐம்பத்தொரு டிகிரி. கூரையோரத்து எக்ஸாஸ்ட் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு கொசுவத்தியைக் கொளுத்தி மேஜையில் வைத்தாள். புகை அசையாமல் நின்றது. ஏணியில் ஏறி ஃபேன் பக்கம் நீட்டினாள். ஃபேனை ஒட்டிய இடுக்கு வழியாக வந்த காற்றையே அது திரும்ப வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு மெர்வ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "இன்னும் பெரிய ஃபேனா வாங்கிப் போடு டிராகா."

"உள்ள காத்து வர வழியே இல்ல மெர்வ். எத்தனை பெருசு போட்டு என்ன?"

தூசிக்குப் பயந்து யோசிப் ஓட்டை ஒன்றுவிடாமல் அடைத்திருந்தார், அந்த இடுக்கைத் தவிர. அதை டிராகா தகரம் வைத்து மூடினாள். அந்த ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். அதனால் வெயில் அதிகம் படாத தெற்குச் சுவரில், முழங்கால் உயரத்தில், தகரத்தை அறுக்கத் தொடங்கினாள்.

சத்தம் கேட்டு யோசிப் செருப்பில்லாமல் ஓடிவந்தார். "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? தூசி வந்தா ஒரு கல்லும் மெருகேறாது."

"உள்ள வராதீங்க. அங்கயே நின்னு திட்டுங்க."

திறப்பில் வலை அடித்து, இரண்டு மடிப்புச் சாக்கைத் தொங்கவிட்டாள். சக்கரத்தில் சிந்தி வாளியில் சேரும் தண்ணீரை ஒரு துளையிட்ட டின்னில் ஊற்றிச் சாக்குக்கு மேலே மாட்டினாள். சாக்கு நனைந்தது. புகை மெதுவாகச் சாய்ந்து, மேலே ஏறி, ஃபேன் வழியாக வெளியேறியது.

ஒரு மணி நேரத்தில் சுவரிலிருந்த வெப்பமானியின் முள் நாற்பதுக்கு இறங்கியது. வெளியிலோ நாற்பத்திரண்டு. யோசிப் சாக்குக்கு முன்னால் குந்தி, முகத்தைக் காட்டியபடி வெகுநேரம் இருந்தார். சாக்கின் வெளிப்பக்கம் சிவப்பாகியிருந்தது. தூசி அங்கேயே நின்றுவிட்டது.

"கோணலா அறுத்திருக்கே," என்றார் கடைசியில்.

"நேராக்கறது உங்க வேலை."

திங்கட்கிழமை நர்ஸே வந்து பார்த்தாள். காலையில் மட்டும், கதவைத் தாழிடாமல், இரண்டு மணி நேரம் என்று சம்மதித்தாள். மறுநாள் டிராகா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது பட்டறையிலிருந்து சக்கரத்தின் ரீங்காரம் வந்தது. கூடவே யோசிப்பின் சுருதி சேராத பாட்டு. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு கிழங்கை எடுத்தாள். இன்றைக்கு அவருக்குப் பசிக்கும்.