சனிக்கிழமை மீன்கள்

குச்சி நுனியில் ஒட்டியிருந்த இறால் துணுக்கைப் பெரிய மீன் வாய்க்குள் வாங்கியது. கோகிலவாணி மூச்சை அடக்கிக்கொண்டாள். மீனின் தாடை ஒருமுறை அசைந்தது. பிறகு அது துணுக்கைத் துப்பிவிட்டு, தெரியாமல் வேறு யாருடைய கல்யாணப் பந்தியிலோ உட்கார்ந்துவிட்ட ஆள் போல, மெல்லப் பின்வாங்கித் தொட்டி மணலில் சாய்ந்து கிடந்த மண்குடுவைக்குள் போய் நின்றுகொண்டது. சின்ன மீன் அதன் வயிற்றடியிலேயே ஒட்டிக்கொண்டு போனது. பெரியது தின்னாமல் சின்னது தின்னாது. பெரியதோ வந்த நாளாக எதையும் விழுங்கவில்லை.

"இன்னைக்கும் துப்பிடுச்சா?" சமையல்கட்டிலிருந்து மாமியார் சென்னம்மாள் கேட்டாள்.

"துப்பிடுச்சுங்க அத்தே."

"கொழுப்புமே அதுக்கு. எறா விக்கிற வெலையில எனக்கு ஒரு நாளு வறுத்துக் குடுங்க, துப்புறனான்னு பாக்கலாம்."

கோகிலவாணி சிரித்தாள். ஆனாலும் கண் குடுவையை விட்டு நகரவில்லை. மீனின் முதுகு, தலைக்குப் பின்னால், லேசாகக் குழிந்திருந்தது. அவள் அங்கன்வாடி டீச்சர். குழந்தைகளின் கை மணிக்கட்டைப் பார்த்தே எது வீட்டில் சரியாகத் தின்னவில்லை என்று சொல்லிவிடுவாள். இந்தக் குழிவும் அப்படித்தான் இருந்தது.

மீன் ஆசை அவளுடையதில்லை, கணவன் முனிராஜுடையது. பாலக்கோடு தக்காளி மண்டியில் எடை போடுகிற வேலை அவனுக்கு. விடிவதற்கு முன்னால் போய், மதியம் தக்காளிப் பெட்டிகளின் வாசத்தோடு திரும்பி வருவான். வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் தொட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல்லையே பழுப்பாக்கிவிடும், மீனை விடுமா? கேன் தண்ணீர் வாங்கி, அதில் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, உப்பளவு காட்டும் கருவியை மிதக்கவிட்டு அளந்து, கடலே கண்ணில் படாத ஊரில் ஒரு முழங்கை ஆழத்துக்குக் கடல் செய்து வைத்திருந்தான். அந்தக் கடலில் கோமாளி மீன்கள் நிலைக்கவில்லை. பண்ணையில் பொரித்த குஞ்சுகள், கையைப் பார்த்தாலே ஓடி வந்து தின்பவை, நன்றாக இருந்துகொண்டே இருந்து ஏதாவது ஒரு சனிக்கிழமை காலையில் பக்கவாட்டில் மிதக்கும். தப்பாமல் சனிக்கிழமைதான். "உன் ராசிக்கு சனி உக்காந்துருக்குதுடா" என்று சென்னம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே அறையில் சாமி படத்துக்கு வழக்கமாகக் காட்டுகிற சாம்பிராணியில் தொட்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தக் கோமாளி மீன் ஜோடி மொரப்பூருக்கு ரயிலில் வந்தது. தெர்மோகோல் பெட்டியைப் பிளாட்பாரத்தில் வாங்கும்போதுதான் முனிராஜ் வாயைத் திறந்தான்.

"இது கடல்ல புடிச்சதாம் கோகிலா. அந்தமான் பக்கம். நடுக்கோடு பாரு. இப்டி ஒன்னு கெடைக்கிறது அபூர்வமாம்."

பெரிய மீனின் நடு வெள்ளைப் பட்டை முழுதாகச் சுற்றி வரவில்லை. கோலம் இழுக்கும்போது பாதியில் மாவு தீர்ந்துபோனது போல வயிற்றருகே நின்றுவிட்டிருந்தது.

"அபூர்வம்னா அங்கயே உட்டுருக்க வேண்டிதுதானங்க?"

அவன் பெட்டியை அவளிடம் கொடுத்தான். வண்டியை எடுத்தான். வழி நெடுக பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் உள்ளே தண்ணீர் அலை புரண்டு அவள் வயிற்றில் தட்டியது. அத்தனை பெரிய கடல், இவ்வளவு தூரம் வந்து, தன் மடியில் இந்த அளவாக உட்கார்ந்திருப்பதை நினைத்து அவளுக்கு என்னவோ போல இருந்தது. கோபம் பாதி வழியிலேயே இறங்கிவிட்டது.

தின்னாமல் கிடக்கும் மீனைப் பார்த்துப் பார்த்து முனிராஜ் பேச்சைக் குறைத்துக்கொண்டான். அந்த வாரம் ஒரு மதியம், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

"இதுங்களும் போச்சின்னா தொட்டிய எடுத்துடறேன். கடல்ல இருந்தத புடிச்சாந்து கொன்னன்ற பேரு எனக்கு வேணாம்."

எத்தனையோ முறை அவளே சொன்ன வார்த்தைதான். தொட்டி இருக்கிற இடத்தில் ஒரு பீரோ வைக்கலாம் என்று அளந்துகூடப் பார்த்திருக்கிறாள். இப்போது அவன் வாயிலிருந்து வந்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மனிதனுக்கு வேறு என்ன இருக்கிறது? சீட்டாட்டம் கிடையாது, குடி கிடையாது. நாள் முழுக்க அடுத்தவர்களின் தக்காளியை எடை போட்டுவிட்டு வந்து, எடையே இல்லாமல் மிதக்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவ்வளவுதான் அவன் கேட்டது.

அவளே தர்மபுரி மீன் கடைக்காரர் ஆரோக்கியராஜுக்குப் போன் செய்தாள்.

"கடல் மீனுக்கு நம்ம தீவனம் தீவனம்னே தெரியாதுங்கக்கா" என்றார் அவர். "நல்லாத் திங்கிற மீன் ஒன்ன கூட உடுங்க. பாத்துக் கத்துக்கும். கருப்பு மோலி ஒன்னு போதும். நன்னீர் மீனுதான், ஆனா கொஞ்சங் கொஞ்சமா பழக்குனா உப்புத் தண்ணியில நல்லாவே இருக்கும். ஒரேடியா மட்டும் தூக்கிப் போட்றாதீங்க."

கோகிலவாணிக்கு உடனே பிடிபட்டது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை சத்துமாவு உருண்டையைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தால் அவள் கெஞ்ச மாட்டாள். தட்டை வழித்துத் தின்கிற ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வியாழக்கிழமை முனிராஜ் மோலியை வாங்கி வந்தான். சுண்டு விரல் அளவில், கரித்துண்டு போல ஒரு மீன். பின்கட்டில் பக்கெட்டில் அதை விட்டு, மேலே உப்புத் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, மருந்துக் கடையில் வாங்கிய குளுக்கோஸ் டியூபை மாட்டிச் சொட்டுச் சொட்டாக இறக்கினான்.

"மனுசங்களுக்கே இந்தக் கவனிப்பு கெடையாது" என்றாள் சென்னம்மாள். "எனக்குக் காச்ச வந்தப்ப கசாயத்தோட முடிச்சிட்டீங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மண்டித் தக்காளி ஏற்றிப்போன லாரி ஒன்று தொப்பூர் கணவாயில் நின்றுவிட்டதென்று மதியமே முனிராஜைக் கூட்டிப் போய்விட்டார்கள். சாயங்காலம் கோகிலவாணி குளித்துவிட்டுத் தூபக்காலில் கங்கு எடுத்து, சாம்பிராணியைத் தூவிக்கொண்டு வந்தாள். கொசு வருமென்று ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சாமி படங்களுக்குக் காட்டி முடித்ததும் மாமியார் பின்னாலிருந்து சொன்னாள்.

"தொட்டிக்கு நல்லாக் காட்டுமே. நாளைக்கு சனிக்கிழமை. இந்தத் தடவ உட்றக் கூடாது."

கோகிலவாணி தூபக்காலைத் தொட்டியருகே பிடித்தபடி நின்றாள். அவளும் மனதார வேண்டிக்கொண்டுதான் நின்றாள். புகை குபுகுபுவென்று மேலே ஏறியது. ஆனால் அதில் ஒரே ஒரு இழை மட்டும் ஏறவில்லை. அது பக்கவாட்டில் வளைந்து, ஊசியில் கோக்கிற நூல் போல மெலிந்து, தொட்டிக்குப் பின்னால் இறங்கியது. அவள் தூபக்காலை இந்தப் பக்கம் நகர்த்தினாள். இழையும் வளைவை மாற்றிக்கொண்டு அதே இடத்துக்குப் போனது.

"அய்யோ சாமி!" சென்னம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தண்ணியில பாரு!"

தண்ணீரில் குமிழிகள் வரிசையாக மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் உடையும்போது அதற்குள்ளிருந்து துளிப் புகை வெள்ளையாக எழுந்து கரைந்தது. தண்ணீரே தூபம் போடுவது போலிருந்தது. ஒரு கணம் கோகிலவாணிக்கும் உடம்பு சிலிர்த்தது. எத்தனை அழகாக இருந்தது அது!

அப்போதுதான் பெரிய மீனைப் பார்த்தாள். குடுவையை விட்டு வெளியே வராத மீன், நீர்மட்டத்துக்கு வந்து வாயை அண்ணாந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செவிள்கள் படபடத்தன. சின்னது அதற்குக் கீழே சாய்ந்து மிதந்தது.

அவள் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே பலகை மேல் காற்று பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. அறைக் காற்றை அது இழுத்துத் தண்ணீருக்குள் அனுப்பும். அறையில் எது இருக்கிறதோ அதை அனுப்பும். புகையிழை நேராக அதன் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அத்தே, இத வெளிய கொண்டு போங்க! ஓடுங்க!"

தூபக்காலை மாமியார் கையில் திணித்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். பம்ப் டியூபில் சுருட்டிக் கட்டியிருந்த மிச்ச நீளத்தை அவிழ்த்து, ஒயரோடு பம்பை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிப் பின்சுவர் மாடத்தில் வைத்தாள். முனிராஜ் எப்போதும் தயாராகக் கலக்கி வைத்திருக்கும் டிரம்மிலிருந்து உப்புத் தண்ணீரை மொண்டு வந்து, பழையதை இறைத்து, புதியதை ஊற்றினாள். பிறகு சொம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினாள், டீக்கடையில் ஆற்றுவது போல. புடவையெல்லாம் உப்பு நீர். தோள் கடுத்தபோது சென்னம்மாள் சொம்பை வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டு டிவியில் நாடகங்கள் ஒன்று முடிந்து ஒன்று ஓடின. மாமியாரும் மருமகளும் மாறி மாறிக் கடலை ஆற்றினார்கள்.

முனிராஜ் வந்தபோது இருவரும் தரையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரிய மீன் குடுவைக்குத் திரும்பியிருந்தது. சின்னது நிமிர்ந்திருந்தது.

"ஏங்க" என்றாள் கோகிலவாணி. "சனியும் இல்ல, ஒன்னும் இல்லைங்க. இத்தன நாளா நாங்கதான் கொன்னுட்டு இருந்துருக்கோம். சாம்பிராணி."

அவன் பின்கட்டுக்குப் போய் பம்பைக் கழற்றி முகர்ந்து பார்த்தான். வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலாம் போலவும் இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் தண்ணியத்தான் கோகிலா டெஸ்ட் பண்ணேன்" என்றான் கடைசியில். "காத்தப் பத்தி நெனைக்கவேயில்ல. நானுந்தான பக்கத்துல நின்னு கும்புட்டேன்."

சென்னம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "நல்லதுக்குத்தான்டா காட்டுனோம். மீனுக்கு மூக்கு இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? இனிமே வாசல்ல நின்னு காட்டிக்கிறோம். சாமிக்கு வாசம் எட்டாதா என்ன."

முனிராஜுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு கோகிலவாணிக்கும் வந்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்தபோது மீன்கள் இரண்டும் நீந்திக்கொண்டிருந்தன. உப்பில் பழகிவிட்ட மோலியைத் தொட்டியில் விட்டார்கள். அதற்குப் புது இடமென்ற கூச்சமே இல்லை. தூவிய தீவனத்தையும் இறாலையும் மேலும் கீழும் பாய்ந்து பாய்ந்து தின்றது. பெரிய மீன் குடுவை வாயில் நின்று பார்த்தது. கோகிலவாணி வேண்டுமென்றே திரும்பி நின்றுகொண்டாள். முனிராஜையும் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"பாக்காதீங்க. பாத்தா திங்காது."

திரும்பிப் பார்த்தபோது பெரிய மீனின் வாயில் ஏதோ இருந்தது. அதோடு அது குடுவைக்குள் போய்விட்டது. துப்பியதா, விழுங்கியதா? டார்ச் அடித்து மணலைத் தேடினார்கள். ஒன்றும் தெரியவில்லை. மோலி தின்றிருக்கலாம். நாள் முழுக்க அந்தக் கேள்வி வீட்டில் இன்னொரு சுவர்க் கடிகாரம் போல டிக்டிக்கென்று ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை முனிராஜுக்கு மண்டி இல்லை. வெயில் ஜன்னல் வழியாக வந்து தொட்டியில் பாதியை மட்டும் பொன்னாக்கியிருந்தது. பெரிய மீன் தானாகக் குடுவையை விட்டு வந்து அந்த வெளிச்சத்தில் நின்றது. சின்னது ஒரு பக்கம், கொஞ்சம் தள்ளி மோலி. கோகிலவாணி காபி டம்ளரோடு கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தவள், சட்டென்று டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"ஏங்க! அத்தே! சீக்கிரம் வாங்க! பேண்டுருக்குதுங்க!"

முனிராஜ் வாயில் பல் துலக்கும் பிரஷோடு ஓடி வந்தான். சென்னம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து, "எது, எங்கமே?" என்று இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்தாள்.

பெரிய மீனின் வாலுக்குப் பின்னால் ஓர் இழை தொங்கிக்கொண்டிருந்தது. பட்டினி கிடக்கிற மீனுக்கு வருகிற வெள்ளை நார் இல்லை. இது தடித்த, தேன் நிற, தின்ற மீனின் இழை. அது அறுந்து, வெயிலில் மெல்லத் திரும்பித் திரும்பி, அவசரமே இல்லாமல் மணலை நோக்கி இறங்கியது. மூன்று தலைகளும் அதோடு சேர்ந்து இறங்கின.