பட்டாணி அளவு ஈயம்

வீட்டில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். வைத்தவர் அவள் மாமா, அக்காவின் கணவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். ஏறியதிலிருந்து யார் என்ன சொன்னாலும் "அது எப்படி?" என்று ஆரம்பித்துவிடுவாள். இப்போது அதற்கே சம்பளம் வாங்குகிறாள், ஒரு வக்கீல் அம்மாவிடம் ஜூனியராக.

அவள் முதன்முதலாகத் தன் கையால் எழுதிய வழக்கு அக்கா வீட்டு அலுமினியச் சட்டியைப் பற்றியது. அக்காவின் மகளுக்கு ஆறு வயது. நன்றாக எழுதிக்கொண்டிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குழந்தையின் கையைவிட்டுப் போயின. சதா வயிற்றுவலி வேறு. பிள்ளைக்குக் கவனம் போதவில்லை என்று பள்ளியில் சொல்லிக் கைகழுவிவிட்டார்கள். ரத்தத்தைச் சோதித்த டாக்டர்தான் ஈயம் என்றார். பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் அல்ல, விஷமான காரீயம். வீட்டில் இருந்ததையெல்லாம் சோதித்ததில் சட்டி மாட்டியது. புளிப்பாக எதை வேகவைத்தாலும் அது தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றியிருக்கிறது.

சட்டியைச் செய்தது மாமா வேலை பார்த்த வார்ப்புக் கம்பெனி. உடைந்தது, ஓட்டையானது, கண்டது கடையது எல்லாவற்றையும் உருக்கிப் பாத்திரமாக ஊற்றுகிற இடம். வக்கீல் நோட்டீஸ் போன மறுநாளே மாமாவை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளியைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளை மிளகாய் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோதனை முடிந்து வந்த சட்டியைப் படமெடுப்பதற்காகக் கவிழ்த்தபோதுதான் அதைப் பார்த்தாள். அடியில், கரிக்கு நடுவே, ஒரு பட்டாணி அளவுக்கு மங்கலான பொட்டு. நகத்தால் கீறினாள். கீறல் விழுந்தது. அலுமினியத்தில் நகம் இறங்காது. சட்டியை அப்படியே வக்கீல் அம்மாவின் மேசைக்கு எடுத்துப்போனாள்.

"என்னம்மா அது?" என்றார் சீனியர்.

"ஓட்டைய அடைச்சிருக்காங்க மேடம். ஈயத்தால."

சீனியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சட்டியில கொதிக்க வச்ச தண்ணியத்தானே சோதிச்சாங்க? அப்ப ஈயம் சட்டியிலேருந்து வந்துச்சா, இந்தப் பொட்டுலேருந்து வந்துச்சான்னு எவன் சொல்வான்? போய் விசாரிச்சிட்டு வா. வக்கீலா போ. மச்சினியா போய்ச் சண்ட போடாத."

மாமா அடுப்படியில் இருந்தார். வேலை போனதிலிருந்து சமையல் அவர் தலையில். அக்கா அப்போதுதான் கடை வேலை முடிந்து வந்து சுவரோரமாகக் காலை நீட்டியிருந்தாள்.

"வாங்க வக்கீலம்மா. உப்பு பாத்துச் சொல்லுங்க. அதுக்கும் ஏதாவது சட்டம் இருக்கும்."

"மாமா, அந்தச் சட்டியோட அடியில ஒரு அடைப்பு இருக்கே."

"அதுவா?" மாமாவின் முகத்தில் பெருமை. "நான்தான் அடைச்சேன். ஊத்தும்போது சிலதுல ஊசிமுனை ஓட்ட விழுந்துடும். கடைக்கு அனுப்ப முடியாது, எங்ககிட்டயே குடுத்துடுவாங்க. குவியல்ல பழைய லாரி பேட்டரி கெடக்கும், அதோட தகட்டுல ஒரு துண்டு வெட்டி வச்சு ரெண்டு பக்கமும் தட்டுனா போதும். அங்க எல்லார் வீட்லயும் அப்படித்தான். இன்னிவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகினது..."

பேச்சு பாதியில் நின்றது. பேட்டரி என்று தான் சொன்னதை அப்போதுதான் அவர் காது கேட்டது போலிருந்தது.

அக்கா நீட்டிய காலை மடக்கினாள்.

"அப்ப நான்தானா?" என்றார் மாமா.

மிளகாய்க்குக் கத்த வேண்டும் போல வந்தது. சோறாக்குகிற சட்டியில் யாராவது பேட்டரி ஈயத்தை வைத்து அடிப்பார்களா? ஆனால் அடிக்காதே என்று அவரிடம் யார் சொன்னது? ஈயத்தைக் குவியலில் கொட்டியவன் சொல்லவில்லை. பட்டம் வாங்கிய அவளுக்கும்தான் தெரியாது. இதே சட்டியில் வெந்ததை எத்தனை தடவை வழித்துத் தின்றிருக்கிறாள்.

"தெரியல மாமா. சட்டியோட சுவர்ல ஒரு துண்டு வெட்டித் தனியா சோதிச்சா தெரியும். ஆனா அதுல ஈயம் இல்லன்னு வந்துட்டா..."

"வெட்டச் சொல்லு."

"வந்துட்டா கேஸ் போச்சு. நீங்கதான்னு ஆயிடும்."

"கேஸ் கெடக்கட்டும் மிளகா. எனக்குத் தெரியணும்ல?"

அக்கா எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். "அடிப்பிடிக்குது," என்று மட்டும் சொன்னாள்.

சோதனை முடிவு வந்தது. பொட்டு கிட்டத்தட்ட முழுக்க முழுக்க ஈயம். சட்டியின் சுவரிலும் இருந்தது. அளவு குறைவுதான், ஆனாலும் சமையல் பாத்திரத்தில் இருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு. குழந்தையின் உடம்பில் எதிலிருந்து எவ்வளவு போனது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை மட்டும் மாமா திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னார்.

சீனியர் பொட்டு, சுவர் இரண்டின் முடிவையும் கோர்ட்டில் கொடுத்துவிட்டார். "ஒண்ண மறைச்சா இன்னொண்ணையும் நம்பமாட்டாங்க," என்றார்.

விசாரணை நாளன்று கம்பெனி வக்கீல் அவர்களைத் தேடி வராந்தாவுக்கே வந்தார். சிரித்த முகம். மிளகாய்க்கு அதைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. குழந்தையின் வைத்தியத்தைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளுமாம். மாமாவுக்கு வேலையும் திரும்பக் கிடைக்குமாம். வீட்டில் வைத்து அடித்த அடைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

"பொய் ஒண்ணும் இல்லையே சார். அடைச்சது நீங்கதானே?"

மாமா பேனாவுக்குக் கை நீட்டினார்.

"மாமா," என்றாள் மிளகாய்.

"பாப்பாவுக்கு வைத்தியம் நடக்கும்ல மிளகா."

அடைப்பே இல்லாத சட்டிகள் எத்தனை வீட்டு அடுப்பில் இந்நேரம் கொதித்துக்கொண்டிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். மாமாவின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சீனியர் அவள் முழங்கையைப் பிடித்தார். வக்கீல்கள் எடுக்கிற முடிவு இல்லை இது.

அக்காதான் பேசினாள். "ஓட்ட விழாத சட்டியெல்லாம் கடையில விக்குதே சார். அதுக்கு என்ன எழுதப் போறீங்க?"

"அது இந்தக் கேஸே இல்லையேம்மா."

"அப்ப எங்க கையெழுத்துக்கு எதுக்கு இவ்ளோ அவசரம்?" கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க செஞ்சது நீங்க செஞ்சதுதான். அத நான் மன்னிக்கிறேனா இல்லையான்னு வீட்ல பாத்துக்கலாம். அவங்க செஞ்சதையும் சேத்து நீங்க எதுக்குச் சுமக்கணும்? அதுவும் கூலி வாங்கிட்டு."

"வைத்தியம்?"

"இதுவரைக்கும் யாரு பாத்தா? இவரா வந்து பாத்தாரு?"

மாமா கையை இழுத்துக்கொண்டார். கம்பெனி வக்கீல் யோசித்துச் சொல்லுங்கள் என்று விட்டுப் போனார், சிரிப்பு இல்லாமல்.

உள்ளேயிருந்து மாமாவைக் கூப்பிட்டார்கள். கேட்டதற்கு மட்டும் பதில், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசக்கூடாது என்று ஒரு வாரமாக மிளகாய் அவருக்குப் பாடம் எடுத்திருந்தாள். அவர் குழந்தையை அக்காவின் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தார்.

"அடைச்சத நானே முதல்ல சொல்லிடட்டுமா மிளகா? அவங்க கேக்குறதுக்கு முன்னாடி?"

அவள் சீனியரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சொல்லுங்க மாமா. முழுசா சொல்லுங்க."

மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.